ஐந்து மணிக்கு ஓட்டு

ராத்திரி ஒன்பதரை மணிக்கு நீங்கள் என்ன பார்ப்பீர்கள்? ஏதாவது சீரியல். இல்லையென்றால் நியூஸ் சேனலில் நாலு பேர் கத்துவது. நான் கொஞ்ச நாளாக ஸ்காட்லாந்து பார்லிமென்ட் பார்க்கிறேன். சிரிக்காதீர்கள். காசு வாங்காமல் இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டுகிறார்கள். எடின்பரோவில் சாயங்காலம் ஐந்து மணி என்றால் கோடையில் நமக்கு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. வழக்கமாக அந்த ஐந்து மணிக்குத்தான் அங்கே ஓட்டெடுப்பு. மத்தியானத்திலிருந்து எதைப் பற்றிப் பேசியிருந்தாலும் சரி, தீர்மானங்களின் மீது மொத்தமாக ஐந்து மணிக்கு ஓட்டு. அதற்குப் பெயரே ‘முடிவு நேரம்’.

உறுப்பினர் மேஜையிலேயே பொத்தான் உண்டு. கொரோனா சமயத்தில், வெளியூரில் இருப்பவர்கள் செல்போன் வழியாக ஓட்டுப் போடும் வசதியும் வந்தது. வந்தாலும் வந்தது, ஓட்டெடுப்பு முடிந்த கையோடு ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து, என் ஆப் வேலை செய்யவில்லை, செய்திருந்தால் எதிர்த்துப் போட்டிருப்பேன் என்கிறார்கள். சபாநாயகரும் அலுக்காமல், உங்கள் ஓட்டு பதிவாகப் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார். பஸ்ஸில் சில்லறை பாக்கி கேட்கும் பயணிக்குக் கண்டக்டர் சொல்லும் பதில் மாதிரியே இருக்கும்.

நான் படித்தது பி.காம். எந்த நிறுவனத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றும் கேள்விகள் இரண்டு. பணத்தை யார் செலவழிக்கிறார்கள்? கணக்கை யார் பார்க்கிறார்கள்? இந்தப் பார்லிமென்ட்டிலும் அதையேதான் தேடினேன்.

முன்கதை சுருக்கமாக. 1997 செப்டம்பரில் ஸ்காட்லாந்து மக்களிடம், உங்களுக்கென்று தனிப் பார்லிமென்ட் வேண்டுமா என்று கேட்டார்கள். 74.3 சதவிகிதம் பேர் வேண்டும் என்றார்கள். லண்டன் பார்லிமென்ட் 1998ல் சட்டம் போட்டது. 1999 மே மாதம் முதல் தேர்தல். 129 உறுப்பினர்கள். 73 பேர் தொகுதி வாரியாக ஜெயித்து வருவார்கள். மீதி 56 பேர் கட்சிகளின் பட்டியலிலிருந்து, விகிதாசாரத்தைச் சரிக்கட்டுவதற்காக. ராணுவம், வெளியுறவு போன்றவை லண்டனிடம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், போலீஸ், கோர்ட், விவசாயம் எல்லாம் எடின்பரோவிடம். இதில் ஒரு சூட்சுமம் கவனியுங்கள். நம் அரசியல் சட்டத்தில் மாநிலத்துக்கு உள்ளதைப் பட்டியல் போட்டுவிட்டு, எந்தப் பட்டியலிலும் வராததை டெல்லிக்குக் கொடுத்திருக்கிறது. அங்கே தலைகீழ். லண்டன் வைத்துக்கொள்வதை மட்டும் பட்டியல் போட்டிருக்கிறார்கள். மிச்சமெல்லாம் ஸ்காட்லாந்துக்கு.

ஆட்சித் தலைவருக்கு அங்கே ஃபர்ஸ்ட் மினிஸ்டர் என்று பெயர். யோசித்தால், நம்முடைய ‘முதலமைச்சர்’ என்ற சொல் சீஃப் மினிஸ்டரைவிட இதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது.

லண்டனில் ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் எதிரெதிர் பெஞ்சில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி வேண்டாம் என்று அரைவட்டமாக நாற்காலி போட்டார்கள். மாண்புமிகு மண்ணாங்கட்டி எல்லாம் இல்லாமல் ஒருவரையொருவர் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்கள். குழந்தை குட்டி உள்ளவர்களும் அரசியலுக்கு வர வேண்டும் என்று, ஸ்காட்லாந்துப் பள்ளிகளின் லீவை ஒட்டியே சபைக்கும் லீவு. ஐந்து மணி ஓட்டும் அந்த எண்ணத்தில் வந்ததுதான். பார்வையாளர்கள் கைக்குழந்தையை விட்டுவிட்டு வர, கட்டடத்துக்குள்ளேயே குழந்தைகள் காப்பகமும் வைத்தார்கள்.

கட்டடம் என்றதும் ஞாபகம் வருகிறது. 1997ல் அரசு கொடுத்த மதிப்பீடு ஒரு கோடியிலிருந்து நாலு கோடி பவுண்டு வரை. 2004ல் கட்டி முடித்தபோது 41 கோடிக்கு மேல்! அதை வடிவமைத்த ஸ்பெயின்காரர் என்ரிக் மிராயேஸும், முதல் ஃபர்ஸ்ட் மினிஸ்டர் டொனால்ட் ட்யூவரும் 2000ம் ஆண்டிலேயே இறந்துபோனார்கள். இத்தனை செலவு செய்து கட்டிய சபையில் 2006 மார்ச்சில் கூரையின் மர உத்திரம் ஒன்று கழன்று தொங்க, எல்லாரும் எழுந்து வேறிடம் போய்க் கூட்டம் நடத்த வேண்டியதாயிற்று. ஒரு பார்லிமென்ட் தன் சொந்த வீட்டுக் கணக்கிலேயே சறுக்கினால், மற்ற கணக்கை எப்படிப் பார்க்கும் என்று அந்த ஊர்ப் பத்திரிகைகள் கிழித்தன. கிழிக்காமல் என்ன செய்யும்?

சரி, அன்றாட வேலைக்கு வருகிறேன்.

வியாழக்கிழமை நண்பகல் ஃபர்ஸ்ட் மினிஸ்டரிடம் கேள்வி கேட்கும் நேரம். டி.வி.யில் துண்டு துண்டாகக் காட்டுவது இதைத்தான். அரைவட்டமாக உட்கார்ந்தால் சண்டை வராது என்று நினைத்தார்களே, பாவம். எதிர்க்கட்சித் தலைவர் ஆஸ்பத்திரியில் காத்திருந்த ஒரு நோயாளியின் கதையைச் சொல்லிக் கேட்பார். ஃபர்ஸ்ட் மினிஸ்டர் வருத்தம் தெரிவித்துவிட்டு, நீங்கள் ஆட்சியில் இருந்தபோது என்ன கிழித்தீர்கள் என்பார். நடுவில் ஆளும் கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, இந்த அருமையான திட்டத்தை ஃபர்ஸ்ட் மினிஸ்டர் என்னோடு சேர்ந்து வரவேற்பாரா என்பார். வரவேற்பார். இந்த ஜால்ரா சத்தம் நமக்கு ஒன்றும் புதிதல்ல.

செவ்வாய், புதன் மத்தியான விவாதங்கள் வேறு ரகம். ஒருவருக்கு ஐந்து அல்லது ஆறு நிமிடம். பலபேர் எழுதிக்கொண்டு வந்ததை அப்படியே வாசித்துவிட்டு உட்காருகிறார்கள். குறுக்கே ஒருவர் சந்தேகம் கேட்க எழுந்தால், நேரமில்லை என்று கையைக் காட்டி உட்கார வைத்துவிடுகிறார்கள். இங்கேதான் அந்த ஐந்து மணி ஓட்டின் மீது எனக்குக் கோபம். இரண்டரை மணிக்கு ஒருவர் உயிரைக் கொடுத்துப் பேசுகிறார். கேட்டவர்கள் அஞ்சாறு பேர். ஓட்டுப் போட ஐந்து மணிக்கு வந்து குவிகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பேச்சைக் கேட்டதே இல்லை. கொறடா சொன்ன பொத்தானை அழுத்திவிட்டு ரயிலைப் பிடிக்கிறார்கள். குடும்பத்துக்கு நல்லதுதான். விவாதத்துக்கு?

ஆனால் இதை மட்டும் பார்த்து அந்தப் பார்லிமென்ட்டுக்கு மார்க் போடக்கூடாது. அதன் நிஜமான வேலை காலையில், கமிட்டி அறைகளில் நடக்கிறது. டி.வி. செய்தியில் வராது. நான் பார்த்தவரை கத்தலும் குறைவு. லாட வடிவ மேஜை. ஒரு பக்கம் உறுப்பினர்கள். எதிரே டாக்டரோ, மீனவர் சங்கத்துக்காரரோ, அரசு அதிகாரியோ சாட்சியாக உட்கார்ந்திருப்பார். இந்தப் பார்லிமென்ட்டுக்கு மேலவை கிடையாது. ஒரே சபை. அதனால் மேலவை செய்யும் சல்லடை வேலையையும் கமிட்டிகளே செய்யட்டும் என்று ஏற்பாடு. மசோதா வந்தால் முதலில் கமிட்டி சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரித்து அறிக்கை கொடுக்கும். கொள்கை அளவில் சபை ஒப்புக்கொண்டால் மறுபடி கமிட்டி வரி வரியாகத் திருத்தும். கடைசியாக முழு சபை. காகிதத்தில் பிரமாதம்.

இப்போது ஒரு சின்னக் கழித்தல் கணக்கு. 129 பேரில் மந்திரிகள் ஏறக்குறைய முப்பது. அவர்கள் கமிட்டியில் உட்கார முடியாது. சபாநாயகர், துணை சபாநாயகர்கள், கட்சித் தலைவர்களையும் கழியுங்கள். நூறு பேர்கூடத் தேற மாட்டார்கள். 2021 தேர்தலுக்குப் பிறகு அமைத்த கமிட்டிகளோ பதினைந்துக்கும் மேல். எனவே ஒரே ஆள் இரண்டு கமிட்டியில். செவ்வாய்க்கிழமை காலை ஒரு ஃபைல், புதன் காலை இன்னொரு ஃபைல், ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான பக்கம். 2025-26ல் ஸ்காட்லாந்து அரசின் பட்ஜெட் 6,000 கோடி பவுண்டுக்கு மேல். அதைத் துருவிப் பார்க்க இருப்பது இந்தக் கைவிரல் எண்ணிக்கைப் படைதான். அதிலும் ஒரு பங்கு ஆளும் கட்சிக்காரர்கள். நாளைக்கு மந்திரி ஆகும் ஆசை உள்ளவர்கள், இன்றைக்கு மந்திரியை எவ்வளவு குடைவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

இந்த அமைப்பை வரைந்தவர்கள், விகிதாசார முறையில் எந்தக் கட்சிக்கும் தனி மெஜாரிட்டி வராது என்று நம்பினார்கள். 2011ல் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 69 இடம் பிடித்தது. கமிட்டிகளிலும் அவர்கள் கை ஓங்கியது. அந்த டிசம்பரில், கால்பந்து மைதானத்தில் மதவெறியைக் கிளப்பும் பாட்டு, கோஷங்களுக்கு ஜெயில் என்று ஒரு சட்டம். மற்ற எல்லாக் கட்சிகளும் இது சரியாக எழுதப்படவில்லை, கோர்ட்டில் குழப்பும் என்று எதிர்த்தன. எண்ணிக்கை இருந்ததால் நிறைவேறியது. மெஜாரிட்டி போன பிறகு, 2018 மார்ச்சில், 62க்கு 60 ஓட்டில் அதே சபை அதை ரத்து செய்தது. சல்லடை முதலிலேயே சலித்திருந்தால் இந்தப் போக்கும் வரத்தும் மிச்சம்.

மெஜாரிட்டி இல்லாதபோது சபை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2009 ஜனவரியில் அரசின் பட்ஜெட்டுக்கு ஆதரவு 64, எதிர்ப்பு 64. சபாநாயகர் தன் ஓட்டை மரபுப்படி எதிர்த்துப் போட, பட்ஜெட் காலி! வீடுகளைக் குளிர் தாங்கும்படி செய்யும் திட்டத்துக்கு ஒதுக்கியது போதாது என்று, இரண்டே உறுப்பினர் கொண்ட பசுமைக் கட்சி காலை வாரியதில் வந்த வினை. அரசு கவிழவில்லை. ஒரே வாரம் ஓடி ஓடிப் பேசினார்கள். மற்ற கட்சிகள் கேட்டதில் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தார்கள். அடுத்த வாரம் 123க்கு 2 என்று பாஸானது. எதிர்த்த இரண்டு யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

ரசீது விஷயத்தில் இந்தப் பார்லிமென்ட்டை மனதாரப் பாராட்டுவேன். 2005ல் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் ஒருவர் டாக்ஸி பில் தகராறில் பதவி விலகினார். அந்த ஆண்டே எல்லா உறுப்பினர்களின் செலவுக் கணக்கையும் இன்டர்நெட்டில் போட ஆரம்பித்துவிட்டார்கள். லண்டன் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு நாறியது 2009ல்தான். நாலு வருஷம் முந்திக்கொண்டது ஸ்காட்லாந்து.

அங்கேயும் கட்சி என்று வந்தால் கை நடுங்குகிறது. மந்திரி மைக்கேல் மாதிசன் குடும்பத்தோடு மொராக்கோ போனபோது, பார்லிமென்ட் கொடுத்த ஐபேடில் ஓடிய இன்டர்நெட்டுக்குக் கிட்டத்தட்ட 11,000 பவுண்டு பில் வந்தது. முதலில் தொகுதி வேலை என்றார். பிள்ளைகள் அதன் வழியாகக் கால்பந்து பார்த்தார்கள் என்று பிறகு தெரிந்தது. பணத்தைக் கட்டினார், 2024 பிப்ரவரியில் மந்திரி பதவியை விட்டார். ஒழுங்குக் கமிட்டி 27 நாள் சஸ்பெண்டு என்றது. சபையில் ஆதரவு 64, எதிர்ப்பு பூஜ்யம், நடுநிலை 63. அதாவது ஆளும் கட்சி மொத்தமும் நடுநிலைப் பொத்தான். தப்பு என்று சொல்லவும் மனசில்லை, இல்லை என்று சொல்லவும் வாயில்லை.

இதைவிடப் பெரிய உதாரணம் 2021 மார்ச். முன்னாள் ஃபர்ஸ்ட் மினிஸ்டர் அலெக்ஸ் சால்மண்ட் மீது வந்த புகார்களை அரசு விசாரித்த முறையே சட்டவிரோதம் என்று 2019ல் கோர்ட்டில் முடிவாகி, அவருடைய வழக்குச் செலவுக்கு அரசு 5 லட்சம் பவுண்டுக்கு மேல் கட்டியது. மக்கள் பணம். எப்படி நடந்தது என்று பார்க்க ஒன்பது பேர் கமிட்டி. நிக்கோலா ஸ்டர்ஜன் கமிட்டிக்குச் சொன்னது சரியா என்ற இடத்தில் ஐந்துக்கு நாலு என்று பிரிந்தார்கள். அந்த நாலு பேரும் ஸ்டர்ஜனின் கட்சி. அறிக்கை வெளியாகும் முன்பே பத்திரிகைகளுக்குக் கசிந்தது வேறு. தனியாக விசாரித்த ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற வக்கீல், அவர் நடத்தை விதிகளை மீறவில்லை என்று சொல்லிவிட்டார். ஆக அந்த 5 லட்சத்தைப் பற்றிக் கேட்க வந்த கமிட்டி கடைசியில் யார் பக்கம் யார் என்பதோடு நினைவில் நின்றுபோனது. கமிட்டித் தலைவர்களைக் கட்சிகள் நியமிக்காமல் சபை முழுவதும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும் என்று ஒரு சீர்திருத்தக் குழு 2017லேயே எழுதிக் கொடுத்திருந்தது. 2021 தேர்தல் வந்து போனபோதும் அது காகிதத்தில்தான் இருந்தது.

கப்பல் கதைக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் மேற்கே நிறையத் தீவுகள். அங்கே கப்பல்தான் பஸ், கப்பல்தான் லாரி. ஆஸ்பத்திரிக்குப் போக, மளிகை வந்து சேர எல்லாவற்றுக்கும் அதுதான். 2015ல் க்ளைட் நதிக்கரைத் தளம் ஒன்றுக்கு இரண்டு கப்பல் கட்டும் ஆர்டர் போயிற்று. 9.7 கோடி பவுண்டு. முன்பணம் கொடுக்கும்போது, கட்டிக் கொடுக்காவிட்டால் பணத்தைத் திருப்புவதற்கு முழு கியாரண்டி வாங்குவது கப்பல் தொழிலில் வழக்கம். இங்கே முழு கியாரண்டி இல்லை. பி.காம். முதல் வருஷப் பையன்கூட உதட்டைப் பிதுக்குவான். 2017 நவம்பரில் முதல் கப்பலை ஸ்டர்ஜன் தண்ணீரில் இறக்கி வைத்தார். அதில் சில ஜன்னல்கள் ஜன்னலே இல்லை, பெயின்ட்! 2019ல் கம்பெனி திவால். அரசே எடுத்துக்கொண்டது. 2018ல் ஓட வேண்டிய கப்பல் 2025 ஜனவரியில்தான் ஆரன் தீவுக்குப் பயணிகளை ஏற்றியது. இரண்டுக்குமான செலவு 40 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது.

கமிட்டி என்ன செய்தது? நன்றாகவே செய்தது என்பதுதான் வேதனை. 2020 டிசம்பரில் கட்சி வித்தியாசம் பார்க்காமல் கடுமையான அறிக்கை கொடுத்தது. கியாரண்டி இல்லாமல் ஏன் ஒப்புக்கொண்டார்கள் என்பதற்குப் போதிய எழுத்துப் பதிவு இல்லை என்று 2022 மார்ச்சில் தணிக்கை அமைப்பு சொன்னது. மே மாதம் ஒரு ஈமெயில் அகப்பட்டது என்று அரசு கொண்டுவந்து நீட்டியது. ஆனால் தேதிகளைப் பாருங்கள். பணம் போனது 2015லிருந்து. அறிக்கை 2020ல். போஸ்ட் மார்ட்டம் எவ்வளவு பிரமாதமாகச் செய்தாலும் ஆள் பிழைக்க மாட்டான்.

பின் ஏன் இந்தப் பார்லிமென்ட்டைப் பார்க்கச் சொல்கிறேன்? ஒரு மனுவுக்காக.

அங்கே யார் வேண்டுமானாலும் பார்லிமென்ட்டுக்கு மனுப் போடலாம். லட்சம் கையெழுத்து வேண்டாம், ஒரே கையெழுத்து போதும். மனுக்களுக்கென்றே ஒரு கமிட்டி. வெளி ஆட்களுக்கு இது குறைதீர்க்கும் நாள் மாதிரி தெரியும். நானும் வரும் மனுக்களில் முக்கால்வாசி, அதிகாரிகள் அனுப்பும் வழவழ பதிலோடு முடிந்துவிடும் ரகம் என்றுதான் சொல்வேன். 2014ல் இரண்டு பெண்கள் போட்ட மனு அப்படி முடியவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு பல பெண்களுக்கு வரும், வெளியே சொல்லக் கூச்சப்படும் தொந்தரவு ஒன்று உண்டு. இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிவது. சிலருக்குக் கர்ப்பப்பை இறங்கிவிடும். இதற்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் வலையை வைத்துத் தைக்கும் ஆபரேஷன் வந்தது. பலருக்குச் சரியாகப் போயிற்று. சிலருக்கு அந்த வலை சதையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. தீராத வலி. நடக்க முடியாமல் சக்கர நாற்காலிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். டாக்டரிடம் போனால், மனசில்தான் கோளாறு என்ற பதில்.

அந்தப் பெண்கள் கமிட்டி முன் உட்கார்ந்து, தங்கள் உடம்பைப் பற்றி, காமிரா ஓடிக்கொண்டிருக்க, எல்லாவற்றையும் சொன்னார்கள். அதே ஜூனில் சுகாதார மந்திரி அலெக்ஸ் நீல், இந்த ஆபரேஷனை நிறுத்தி வையுங்கள் என்று ஆஸ்பத்திரி நிர்வாகங்களைக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். பிறகும் சில இடங்களில் ஆபரேஷன் தொடர்ந்தது. நிபுணர் குழு போட்டார்கள். 2017ல் வந்த அதன் அறிக்கையைப் பூசி மெழுகல் என்று பாதிக்கப்பட்டவர்கள் தூக்கி எறிந்தார்கள். குழுவிலிருந்தே சிலர் விலகியிருந்தார்கள். இந்த இடத்தில் வழக்கமாக ஃபைல் மூடப்படும். கமிட்டி மூடவில்லை. அறிக்கையைப் பிடித்து உலுக்கியது. லேபர் கட்சியின் இடதுசாரி நீல் ஃபிண்ட்லே, கன்சர்வேட்டிவ் ஜாக்சன் கார்லா, மந்திரி பதவி போய்ச் சாதாரண உறுப்பினராகிவிட்ட அதே அலெக்ஸ் நீல் என்று மூன்று பேர் சேர்ந்து விடாமல் கேட்டார்கள். வேறு எந்த விஷயத்திலும் இந்த மூவரும் ஒரு கப் டீக்குக்கூட ஒத்துப்போக மாட்டார்கள். வாரா வாரம் கொறடா சொல்லும் பொத்தானை அழுத்துகிற அதே ஆட்கள்தான், கவனியுங்கள்.

2018 செப்டம்பரில் அந்த ஆபரேஷன் முழுதாக நிறுத்தப்பட்டது. சிலர் அதற்குள் அரசு ஆஸ்பத்திரியை நம்பாமல், சேமிப்பைக் கரைத்து, வெளியே போய் வலையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க 2022 ஜனவரியில் ஒரு சட்டத்தையே நிறைவேற்றினார்கள். மனுப் போட்டு எட்டாவது வருஷம். ஆபரேஷன் செலவு, போக்குவரத்து, தங்கிய வாடகை, சாப்பாடு. துணைக்குப் போனவரின் டிக்கெட்டுக்கும் கணக்கு உண்டு.